கேஸ் கிரில்லா, கரி கிரில்லா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இரண்டு கிரில்லும் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, புதிதாக வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் அவரவர் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். எளியவை முதலில், குழப்பமானவை பின்னால்.

எனக்கு ஒண்ணுமே தெரியாது. ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

கேஸ் கிரில்லில் அடியில் பர்னர், அதற்கு மேல் சாய்வான உலோகத் தகடுகள், அதற்கும் மேல் உணவு வைக்கும் கம்பித் தட்டு. குமிழைத் திருகினால் சூடு கூடும், குறையும். கரி கிரில்லில் பர்னரும் இல்லை, குமிழும் இல்லை. தணல் இருக்கிறது, அதற்குக் காற்று போக அடியில் ஒரு துளை, மூடியில் ஒரு துளை. அந்தத் துளைகள்தான் குமிழ்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதை வாங்கறது?

வாரத்தில் எத்தனை நாள் பற்றவைப்பீர்கள் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் தட்டில் சாப்பாடு இருக்க வேண்டும் என்றால் கேஸ். விடுமுறை நாளில் சாவகாசமாக நெருப்போடு உட்கார்ந்திருப்பதே உங்களுக்குப் பிடிக்கும் என்றால் கரி. ருசியை வைத்து முடிவு செய்யப் போகிறவர்கள் அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ருசிக்காகக் கரி கிரில் வாங்கி, பற்றவைக்கச் சோம்பல்பட்டு உறை போட்டு மூடி வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கரியில் சுட்டாத்தான் ருசின்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். மரம் எரியும்போது, அதற்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து குவையாக்கால், சிரிங்கால் போன்ற பொருட்கள் வருகின்றன. புகைமணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அவைதான். ஆனால் கரி என்பது என்ன? மரத்தை அதிகம் காற்றுப் படாமல் சூடேற்றி, ஆவியாகப் போகக்கூடியதெல்லாம் போன பின் மிஞ்சுவது. அந்த மணத்தில் பெரும்பகுதி மரம் கரியானபோதே போய்விட்டது. நன்றாகப் பற்றிய தணலிலிருந்து புகையே அவ்வளவாக வராது, கவனித்துப் பாருங்கள்.

அப்படியானால் அந்த வாசம் எங்கிருந்து? உணவிலிருந்தே. கொழுப்பும் சாறும் சொட்டித் தணலில் விழுந்து, சுரீரென்று ஆவியாகி, மேலே ஏறி உணவிலேயே ஒட்டிக்கொள்கிறது. கேஸ் கிரில்லில் பர்னருக்கு மேலுள்ள தகடுகள் இருப்பதும் இதற்காகத்தான். சொட்டுவது அவற்றில் விழுந்து புகையும். தணல் அளவுக்குத் தகடு சூடாகாததால் அந்த மணம் கொஞ்சம் மட்டு, அவ்வளவுதான்.

ஒரு தடவை வீட்டில் கண்ணைக் கட்டிச் சோதித்துப் பார்த்தோம். ஐந்தாறு நிமிடத்தில் வேகும் மீன் துண்டு, மக்காச்சோளம், குடமிளகாய் ஆகியவற்றில் எது கேஸ், எது கரி என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மூடி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்த தோலோடு கூடிய கோழியில் எல்லாருமே சரியாகச் சொன்னார்கள். நீங்கள் அடிக்கடி சமைப்பது இதில் எந்த வகை?

சூடு எதுல அதிகம்?

நல்ல காற்றோட்டத்தில் தணல் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கனலும். பொருள் சூடாகச் சூடாக அது வீசும் கதிர்வெப்பம் மடமடவென்று ஏறும். கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரண்டு மடங்கானால் கதிர்வெப்பம் பதினாறு மடங்கு. தணலுக்கு மேல் கையை நீட்டினால் இரண்டு நொடி கூடத் தாங்க முடியாமல் இழுத்துக்கொள்கிறோமே, அது இதனால்தான். கேஸ் கிரில் பெரும்பாலும் சூடான காற்றை வைத்துச் சமைக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கேஸ் எரிந்தால் தண்ணீர் வரும். சிலிண்டரில் வரும் புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. கரி பெரும்பாலும் கார்பன் என்பதால் அதன் சூடு வறண்ட சூடு. உணவின் மேல்பரப்பு காய்ந்து, 140 டிகிரி வாக்கில் ஏறினால்தான் நன்றாகச் சிவந்து மொறுமொறுப்பாகும். ஈரமான சூட்டில் அது தாமதமாகிறது. கேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எளிய வழி: அடுப்பில் போடும் முன் இறைச்சியைத் துணியால் ஒற்றி ஈரம் போக எடுங்கள். பாதிக் குறை தீர்ந்துவிடும். செராமிக் தகடு சிவக்கக் கனலும் அகச்சிவப்பு பர்னர் உள்ள கேஸ் கிரில்களில் இந்தக் குறை இன்னும் குறைவு.

பிடியூ நம்பர் பெருசா இருக்கறதைத்தானே வாங்கணும்?

இல்லை. பிடியூ (BTU) என்பது வெப்பத்தை அளக்கும் அலகு, ஒன்று சுமார் 1,055 ஜூல். பெட்டியில் போட்டிருக்கும் எண், எல்லாக் குமிழையும் முழுதாகத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எரிசக்தி செலவாகும் என்பதுதான். உணவுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று அது சொல்லவே இல்லை. பெரிய கிரில்லுக்குப் பெரிய எண் வருவது இயல்பு. மூடி கனமாக இருக்கிறதா, நன்றாகப் பொருந்தி மூடுகிறதா, கம்பித் தட்டு தடிமனா என்று தூக்கிப் பாருங்கள். தகரம் மாதிரி லொடலொடக்கும் மூடி என்றால் எவ்வளவு பிடியூ இருந்தும் சூடு வெளியேதான் போகும்.

கரி பத்தவே மாட்டேங்குது. எவ்வளவு நேரம்தான் விசிறுறது?

விசிறவே வேண்டாம். இருபக்கமும் திறந்த ஒரு உலோகக் குழாய், உள்ளே அடிப்பக்கமாக ஒரு கம்பித் தடுப்பு, பக்கவாட்டில் கைப்பிடி. சிம்னி ஸ்டார்ட்டர் என்று கேட்டால் கிடைக்கும். மேலே கரி நிரப்பி, கீழே இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி வைத்துப் பற்றவையுங்கள். முதல் ஐந்து நிமிடம் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வரும். பயப்பட வேண்டாம். பிறகு புகை அடங்கி, குழாயின் இடுக்குகளில் செம்மை தெரியும். மேல் கரிகளின் ஓரம் சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கியதும் கையுறை போட்டுக்கொண்டு கிரில்லில் கொட்டலாம். மொத்தம் பதினைந்து இருபது நிமிடம், தட்டு சூடாக இன்னும் ஐந்து. கேஸிலும் மூடி போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்ற வேண்டும். ஆக நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசம் இல்லை.

பற்றவைக்கும் திரவத்தை நான் தொடுவதில்லை. முழுதாக எரியாவிட்டால் உணவில் அந்த நாற்றம் ஏறிவிடும். ஏற்கெனவே புகைந்துகொண்டிருக்கும் கரியின் மேல் அதைத் தெளிக்கவே கூடாது. தீ திரவத்தைப் பிடித்துக்கொண்டு கையிலிருக்கும் புட்டி வரை வரும்.

உடைந்த மரக்கரி வாங்கறதா, ஒரே அளவா இருக்கிற கரிக்கட்டி வாங்கறதா?

மரக்கரி சீக்கிரம் பற்றும், சூடு அதிகம், சாம்பல் குறைவு. ஆனால் ஒரு மூட்டையில் கைமுட்டி அளவும் இருக்கும், வெறும் தூளும் இருக்கும். சூடு சீராக இராது. கரிக்கட்டி என்பது கரித்தூளை ஸ்டார்ச் மாதிரி ஏதாவது ஒட்டுப்பொருளோடு அழுத்திச் செய்தது. சீராக, நீண்ட நேரம் எரியும். சாம்பல் அதிகம். (1920களில் ஹென்றி ஃபோர்டு, கார் உதிரிபாகங்களுக்கு அறுத்த மரத்தில் மிஞ்சியதைக் கரிக்கட்டியாக்கி விற்றார். வீணாகப் போவதைக் காசாக்கிய கதை.)

அதிக சூட்டில் சட்டென்று சுட மரக்கரி, நீண்ட நேரம் வேகக் கரிக்கட்டி. ஆரம்பத்தில் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் கரிக்கட்டியே வாங்குங்கள். இத்தனை கட்டி போட்டால் இவ்வளவு சூடு என்று கணக்குப் பிடிபடும்.

கரியில சூட்டைக் கூட்டறது குறைக்கறது எப்படி? எனக்கு எப்பவும் வெளியே கருகி உள்ளே பச்சையா இருக்கு.

நீங்கள் கரியைத் தட்டு முழுக்கப் பரப்புகிறீர்கள் என்று பார்க்காமலே சொல்வேன். எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மறுபக்கம் கரியே இருக்கக் கூடாது. தணல் பக்கம் சிவக்க வைக்க, வெறும் பக்கம் மூடி போட்டு நிதானமாக வேக வைக்க. கொழுப்பு சொட்டித் தீ எழுந்தாலும் உணவை வெறும் பக்கம் நகர்த்திவிட்டு மூடினால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஊற்றவும் கூடாது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் பட்டால் சிதறும்.

சூட்டை அடித்துளையால் கட்டுப்படுத்துங்கள். மூடியின் துளை எப்போதும் திறந்தே இருக்கட்டும். அதை அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி உணவு கசக்கும். துளையைத் திருகியதும் பலன் தெரியாது, ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் மறுபடி மறுபடி திருகுகிறவர்களுக்குத்தான் கரி அடங்குவதில்லை. மூடியில் பதித்திருக்கும் வெப்பமானியை ரொம்ப நம்பாதீர்கள். அது காட்டுவது உச்சியில் உள்ள சூடு, தட்டில் உள்ளது அல்ல. உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கோழி 74 டிகிரி தொட்டால் எடுத்துவிடலாம்.

அப்போ மூடி இல்லாத சின்ன கரி அடுப்பு போதாதா?

மெல்லிய துண்டுகள், கம்பியில் கோத்தவை, காய்கறிகளுக்குப் போதும். முழுக் கோழிக்குப் போதாது, ஏனென்றால் மேலே சொன்ன வெறும் பக்கச் சமையல் மூடி இல்லாமல் நடக்காது. உருண்டை வடிவக் கரி கிரில் பிறந்ததே மூடிக்காகத்தான். 1952இல் ஜார்ஜ் ஸ்டீவன் என்பவர், சிகாகோ பக்கம் தான் வேலை பார்த்த உலோகப் பட்டறையில், நீரில் விடும் மிதவை செய்ய வைத்திருந்த உலோகப் பாதிக்கோளங்களில் ஒன்றை அடுப்பாகவும் இன்னொன்றை மூடியாகவும் ஆக்கினார். காற்றும் மழையும் தணலைக் கெடுத்துக்கொண்டிருந்ததில் வந்த எரிச்சல் அது.

கேஸ் வாங்கினா ஒரு பர்னர் போதுமா?

போதாது. ஒரே பர்னர் என்றால் வெறும் பக்கம் எங்கிருந்து வரும்? குறைந்தது இரண்டு. மூன்றானால் நடுவில் அணைத்துவிட்டு இருபுறமும் எரியவிடலாம். மூன்றுக்கு மேல் பெரும்பாலான வீடுகளுக்கு வீண்.

செலவு எதுல குறையும்?

வாங்கும்போது கரி கிரில் மலிவு. கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. கேஸில் பர்னர் துருப்பிடிக்கும், தீப்பொறி தட்டும் பொத்தான் போகும், ரப்பர் குழாயில் வெடிப்பு விழும். என் முதல் கேஸ் கிரில்லின் பர்னரில் மூன்றே வருடத்தில் ஓட்டை விழுந்தது. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவதில்லை என்று விற்ற இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். வாங்கும்போதே பர்னர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிபொருளில் கேஸ் பெரும்பாலும் முந்தும். 10 கிலோவாட் கிரில், அதாவது மணிக்குச் சுமார் 34,000 பிடியூ, எல்லாக் குமிழும் திறந்தால் மணிக்கு 800 கிராம் போலக் கேஸ் குடிக்கும். பாதிச் சூட்டில் அதில் பாதி. கரியில் நாலு பேருக்குச் சுட்டாலும் ஒன்றரை, இரண்டு கிலோ போட்டாக வேண்டும், வேலை முடிந்தாலும் அது பாட்டுக்கு எரியும். சமைத்ததும் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால் தணல் மூச்சடைத்து அணைந்து, மிச்சக் கரி அடுத்த தடவைக்கு உதவும். இதைச் செய்தால் வித்தியாசம் நிறையக் குறைகிறது.

மழை வந்தா கராஜுக்குள்ள தள்ளிக்கலாமா? கதவைத் திறந்துதான் வைப்பேன்.

கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கரித் தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம் என்று தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும். அணைந்த மாதிரித் தெரியும் கரியும் அப்படித்தான். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கூடாரத்துக்குள் கரி அடுப்பைக் கொண்டுபோய் வைத்து இறந்தவர்கள் உண்டு.

கேஸ் கிரில்லும் வெளியேதான். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டரை நிலவறையில் வைக்காதீர்கள், எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். பால்கனி என்றால் வாங்கும் முன் கட்டட விதியைக் கேளுங்கள். கரியோடு கேஸையும் சேர்த்துத் தடுக்கும் இடங்கள் உண்டு, மின் கிரில்லை மட்டும் விடுவார்கள்.

சாம்பலை எப்போ கொட்டலாம்?

இரண்டு நாள் கழித்து, மூடியுள்ள உலோக வாளியில். இது எனக்குப் பாடம் படித்துத் தெரிந்ததில்லை. ஒரு சனிக்கிழமை இரவு சமைத்துவிட்டு, ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. பிளாஸ்டிக் வாளியில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒரு மணி நேரத்தில் கருகிய நாற்றம். வந்து பார்த்தால் வாளியின் அடி உருகித் தரையோடு ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு நெல்லிக்காய் அளவுக் கங்கு சிவந்துகொண்டிருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

புது சிலிண்டர்தான் மாட்டினேன். ஆனா கிரில் சூடே ஏற மாட்டேங்குது.

இது கிரில்லின் கோளாறு இல்லாமலும் இருக்கலாம். சில ரெகுலேட்டர்களில், கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் குழாய் அறுந்துவிட்டதோ என்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துவிடும் பாதுகாப்பு உண்டு. சிலிண்டர் வால்வைப் படக்கென்று திறந்தாலோ, குமிழ் ஏற்கெனவே திறந்திருந்தாலோ அது மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்து, பிறகு குமிழைத் திருகுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்த கிரில்லில் இது சகஜம்.

பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும். பற்றவில்லை என்றால் கேஸை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் பாருங்கள். எவ்வளவு மிச்சம் என்று அறிய, சிலிண்டரின் பக்கவாட்டில் வெந்நீர் ஊற்றிக் கையால் தடவுங்கள். எங்கே ஜில்லென்று தொடங்குகிறதோ அதுவரை திரவம் இருக்கிறது.

கேஸ் கிரில்லுக்குள்ளேயே கொஞ்சம் கரி போட்டா ரெண்டு ருசியும் வந்துடாதா?

வராது. சாம்பல் பர்னர் துளைகளை அடைக்கும், அதிகச் சூட்டில் அடித்தகடு வளையும். மேலே சொன்னபடி மணம் கரியில் இல்லை, எரியும் மரத்தில் இருக்கிறது. அதனால் சின்ன உலோகப் பெட்டியில் காய்ந்த மரச்சீவல் போட்டு பர்னருக்கு மேல் வையுங்கள். புகைய ஆரம்பித்ததும் உணவை வெறும் பக்கம் வைத்து மூடி போடுங்கள். ரெஸின் உள்ள ஊசியிலை மரமும், வண்ணம் பூசிய பலகையும் வேண்டவே வேண்டாம்.

கரியில சுட்டா புற்றுநோய் வரும்னு சொல்றாங்க. கேஸ்ன்னா பரவாயில்லையா?

இரண்டு விஷயம் கலந்து பேசப்படுகிறது. கொழுப்பு நெருப்பில் விழுந்து எழும் புகையில் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் வரும். அதில் பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உறுதியானது. இது கரியில் அதிகமாகும் வாய்ப்புண்டு. இன்னொன்று, இறைச்சி அதிகச் சூட்டில் கருகும்போது இறைச்சிக்குள்ளேயே உருவாகும் ஹெட்டரோசைக்ளிக் அமின்கள். இதற்கு எரிபொருள் ஒரு பொருட்டில்லை. கேஸிலும் வரும், தோசைக்கல்லில் கருக விட்டாலும் வரும்.

கொழுப்பைச் செதுக்கி எடுங்கள், மசாலா ஊறவைத்துச் சுடுங்கள், அடிக்கடி திருப்புங்கள், கருகியதை வெட்டி எறியுங்கள். தணல் இல்லாத பக்கத்தில் வேக வைத்தாலே முதல் வகை வெகுவாகக் குறையும்.

வீட்டுல குழாய் வழியா வர இயற்கை எரிவாயுவை சிலிண்டர் கிரில்லுக்கு இழுத்துக்கலாமா?

அப்படியே முடியாது. ஒரு கன மீட்டர் புரொப்பேனில் இயற்கை எரிவாயுவைப் போல இரண்டரை மடங்கு எரிசக்தி. அதற்கேற்பத் துளையிட்ட முனைகள் சின்னவை, அழுத்தமும் வேறு. சிலிண்டர் கிரில்லைக் குழாயில் மாட்டினால் தீ மினுக்கும், அவ்வளவுதான். குழாய்க் கிரில்லைச் சிலிண்டரில் மாட்டினால்தான் ஆபத்து, தீ ஆளுயரம் எழும். தயாரித்தவரே மாற்றுப் பாகம் தந்தால் அதற்குரிய ஆளை வைத்து மாற்றுங்கள்.

ஒரு பக்கம் கேஸ், ஒரு பக்கம் கரின்னு சேர்த்து வருதே, அதை வாங்கிட்டா பிரச்சினையே இல்லையே?

படத்தில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. அளவுநாடா எடுத்துக்கொண்டு போய்க் கரிப் பக்கத்தை மட்டும் அளந்து பாருங்கள். தணலுக்குப் பாதி, வெறும் பக்கத்துக்குப் பாதி என்று பிரித்தால் ஒரு முழுக் கோழி உட்கார இடமிருக்கிறதா? பெரும்பாலானவற்றில் இருக்காது. கேஸ் பக்கமும் இரண்டு பர்னருக்குள் அடங்கிப்போகும். இரண்டும் வேண்டும் என்றால், நடுத்தரமான கேஸ் கிரில் ஒன்றும், உருண்டை மூடி போட்ட சின்னக் கரி கிரில் ஒன்றும் தனித்தனியாக வாங்குங்கள். என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. கேஸ் கிரில்லின் உறையை வாரத்தில் மூன்று நாள் கழற்றுகிறேன், கரி கிரில்லுடையதை மாதத்தில் இரண்டு தடவை.